குறுந்திகில் கணினி விளையாட்டுத் தொகுப்புகள்: அச்சச் சுவையும் ஆடுவோர் கருத்தும்

முன்னுரை

செய்யுளுக்கு உரியதாகத் தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடு, பின்னர்க் கூத்து, நாடகம், திரைப்படம் ஆகிய கலைகளையும் மதிப்பிடும் அளவுகோலாகக் கொள்ளப்பட்டு வந்துள்ளது. கணினி விளையாட்டு இவ்வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்த கலைவடிவமாகும். அதனுள் அச்சத்தையே முதன்மைச் சுவையாகக் கொண்டவை திகில் விளையாட்டுகள். பெருநிறுவனங்களின் துணையின்றி ஒருவரோ ஒரு சிலரோ சேர்ந்து உருவாக்குபவை இண்டி விளையாட்டுகள் எனப்படுகின்றன. அரைமணி நேரம் முதல் இரண்டு மணி நேரத்திற்குள் ஆடி முடிக்கத்தக்க இண்டித் திகில் விளையாட்டுகள், 2020ஆம் ஆண்டிற்குப் பின்னர்த் தொகுப்புகளாகவும் தொடர்களாகவும் பெருகியுள்ளன. நெடுங்கதைக்குச் சிறுகதை எத்தகையதோ, பெருவிளையாட்டுக்கு இவை அத்தகையன எனலாம்.

இத்தொகுப்புகளை மதிப்பிடும் திறனாய்வாளர் மிகச் சிலரே. ஆடுவோர் எழுதும் கருத்துகளே இவற்றிற்கு வாய்த்த திறனாய்வு. அக்கருத்துகள் எவ்வளவைகளைக் கொண்டு அச்சத்தை அளக்கின்றன, அவ்வளவைகளை மெய்ப்பாட்டியல் எவ்வளவு தூரம் விளக்கவல்லது, விளையாட்டில் காட்டப்படும் இடத்திற்கும் ஆடுபவர் வாழும் இடத்திற்கும் உள்ள உறவு யாது என்னும் மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இடம் பற்றிய வினாவிற்குப் பெங்களூரைச் சேர்ந்த வைட்ஃபீல்ட் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

அச்சத்தின் நிலைக்களன்கள்

மெய்ப்பாடுகள் எட்டனுள் ஒன்றாகிய அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கின் வழியாகப் பிறக்கும் என்பது தொல்காப்பியர் கருத்து. மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது, இயற்கையில் கொடியது, சக மனிதருள் தீயவர், தன்மேல் ஆணை செலுத்துவோர் என்று இந்நான்கையும் இக்காலத்திற்கு ஏற்ப விரித்துக் கொள்ளலாம்.

சுவை பிறக்கும் முறையை உரையாசிரியர்கள் நான்கு படிகளாகப் பகுத்துரைப்பர். சுவைக்கப்படும் பொருள், அதனைப் பொறிவழி உணரும் சுவையுணர்வு, உள்ளத்தே நிகழும் குறிப்பு, உடலில் வெளிப்படும் விறல் என்பன அவை. நாடகத்தில் அஞ்சுபவன் மேடையில் இருக்கிறான். காண்பவன் அரங்கில் இருக்கிறான். கணினி விளையாட்டிலோ அஞ்சுபவனும் காண்பவனும் ஒருவனே. கதவைத் திறக்கும் கை ஆடுபவனுடையது. திறவாமல் நின்றால் கதையும் நின்றுவிடும். நான்கு படிகளும் ஒருவனிடத்திலேயே நிகழ்வதால் தனக்கு நேர்ந்ததைத் தானே சான்றாகக் கூறும் உரிமை ஆடுபவனுக்கு உண்டாகிறது. ஆடுவோர் கருத்துகளில் கதையைப் பற்றிய செய்தியை விட மயிர்க்கூச்சு, நெஞ்சுத் துடிப்பு, விளையாட்டை நிறுத்திவிட்டு எழுந்து சென்றமை போன்ற விறல் பற்றிய செய்திகள் மிகுந்து காணப்படுவதற்கு இதுவே காரணமாகும்.

ட்ரெட் எக்ஸ் தொகுப்பு

குறுந்திகில் தொகுப்புகளுள் பரவலாக அறியப்பட்டது 'ட்ரெட் எக்ஸ் கலெக்ஷன்'. இதன் முதல் தொகுதி 2020 மே மாதம் வெளிவந்தது. படைப்பாளர் பத்துப் பேர் ஏழு நாள்களுக்குள் ஆளுக்கொரு விளையாட்டை உருவாக்க வேண்டும் என்பது நிபந்தனை. தாம் கனவு காணும் பெரிய திகில் விளையாட்டு ஒன்றிற்கு ஆடத்தக்க முன்னோட்டமாக ஒவ்வொன்றும் அமைய வேண்டும் எனவும் வரையறுக்கப்பட்டது. 2014இல் வெளிவந்து அடுத்த ஆண்டே திரும்பப் பெறப்பட்ட 'பி.டி.' என்னும் முன்னோட்டமே இவ்வெண்ணத்திற்கு மூலம். ஒரே நடைக்கூடத்தைத் திரும்பத் திரும்பக் கடக்கச் செய்வதன் மூலம் பெரும் அச்சத்தை விளைவிக்க இயலும் என்று அது காட்டியது. அதே ஆண்டில் மேலும் இரு தொகுதிகளும், 2022இல் ஐந்தாம் தொகுதியும் வெளிவந்தன.

முதல் தொகுதியின் சிறப்பு அதன் வேறுபாட்டில் உள்ளது. 'சம்மர் நைட்' பழைய கையடக்க மின்விளையாட்டுக் கருவியின் தோற்றத்தில் அமைந்தது. 'ஹேண்ட் ஆஃப் டூம்' மந்திர அசைகளை உரிய வரிசையில் அடுக்கி வழியைத் திறக்கச் செய்கிறது. 'தி போனி ஃபேக்டரி' கறுப்பு வெள்ளையில் விலங்கச்சத்தைக் காட்டுகிறது. 'மிஸ்டர் பக்கெட் டோல்ட் மீ டு' தீவில் தனித்தவன் நாள்தோறும் தன் கருவிகளில் ஒன்றை இழக்கும்படி செய்து, இழப்பையே அச்சமாக்குகிறது.

ஆடுவோர் கருத்துகள்

இத்தொகுப்பு பற்றிய கருத்துகளில் மூன்று போக்குகள் மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன.

முதலாவது, சமனின்மை பற்றியது. சில விளையாட்டுகள் மிகச் சிறந்தவை, சில முற்றுப்பெறாதவை என்று ஆடுவோர் பலர் தரவரிசை இட்டுக் கூறுவர். ஆயினும் எது முதலிடம் பெறத்தக்கது என்பதில் அவர்களிடையே உடன்பாடு இல்லை. ஒருவருக்குக் கடைநிலையில் நிற்பது மற்றொருவருக்கு முதல்நிலையில் நிற்கிறது. தொகுப்பு என்னும் வடிவத்தின் குறையாகச் சுட்டப்படும் இச்சமனின்மை உண்மையில் அதன் இயல்பே ஆகும். ஒருவர் அஞ்சும் பொருளை மற்றொருவர் அஞ்சுவதில்லை. நிலைக்களன் ஒன்றே என்று கொள்ளாது நான்கு என்று வகுத்த நூலோர் கருத்தும் இதனையே வலியுறுத்துகிறது.

இரண்டாவது, 'அச்சமூட்டவில்லை' என்னும் குறை. இரண்டாம் தொகுதியில் இடம்பெற்ற 'சக்கர் ஃபார் லவ்' காதலையும் கோரத்தையும் கலந்து நகைச்சுவை விளைவிப்பது. 'ஸ்க்விரல் ஸ்டேப்ளர்' அணில் வேட்டையையும் பிணத்தையும் இணைத்து அருவருப்பை ஊட்டுவது. இவற்றில் அச்சம் குறைவு என்று சிலர் கூறியது உண்மையே. ஆனால் அக்குறைபாட்டுக்குக் காரணம் வேறு. முன்னதில் மேலோங்கி நிற்பது நகை. பின்னதில் இளிவரலும் மருட்கையும். அச்சம் எதிர்பார்த்து வந்தவருக்கு வேறு மெய்ப்பாடு கிடைத்தது என்பதே சரியான மதிப்பீடாகும். இவ்விரண்டும் பின்னர்த் தனி விளையாட்டுகளாக விரிவாக்கி வெளியிடப்பட்டமை, அச்சம் குறைந்தமையால் அவை வரவேற்பை இழக்கவில்லை என்பதற்குச் சான்று.

மூன்றாவது, நீளமும் விலையும் பற்றியது. செலவிட்ட பணத்திற்கு எத்தனை மணி நேரம் ஆடலாம் என்று கணக்கிடும் வழக்கம் ஆடுவோரிடம் வேரூன்றியுள்ளது. ஸ்டீம் விற்பனைத்தளத்தின் விதிப்படி, வாங்கிய 14 நாள்களுக்குள்ளும் ஆடிய நேரம் 2 மணிக்கு மேற்படாமலும் இருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். நெடிய விளையாட்டுக்கு இது நியாயமான பாதுகாப்பு. குறுந்திகில் விளையாட்டையோ முற்றிலும் ஆடி முடித்த பின்னரும் திருப்பித்தர இயலும். 'சம்மர் ஆஃப் 58' என்னும் குறுந்திகில் விளையாட்டை உருவாக்கிய எமிகா கேம்ஸ், பாராட்டும் கருத்துகள் பல வந்தபோதிலும் திருப்பித்தந்தோர் தொகை மிகுந்தமையால், விளையாட்டு உருவாக்கும் பணியிலிருந்து விலகுவதாக 2021 ஆகஸ்டில் அறிவித்தது. நாவின் மதிப்பீடு ஒன்றாகவும் பணத்தின் மதிப்பீடு மற்றொன்றாகவும் அமைந்ததை இந்நிகழ்ச்சி புலப்படுத்துகிறது. சிறுகதையைப் பக்க எண்ணிக்கை கொண்டு மதிப்பிடுவார் இலர். குறுவிளையாட்டுக்கும் அந்நெறி பொருந்த வேண்டும்.

கள்வரும் கதவும்

இந்தியாவிலிருந்து வெளிவந்து உலகெங்கும் ஆடப்படும் குறுந்திகில் தொடர், ரேயில் ஸ்டூடியோஸ் உருவாக்கிய 'ஃபியர்ஸ் டு ஃபாதம்'. 2021இல் 'ஹோம் அலோன்' என்னும் முதற்பகுதி விலையின்றி வெளிவந்தது. 'நார்வுட் ஹிட்ச்ஹைக்', 'கார்சன் ஹவுஸ்', 'அயர்ன்பார்க் லுக்அவுட்' முதலிய பகுதிகள் அதனைத் தொடர்ந்தன. ஒவ்வொன்றும் தனிக்கதை. பெற்றோர் வெளியூர் சென்றிருக்க வீட்டில் தனித்திருக்கும் சிறுவன், இரவுப் பயணத்தில் வழித்தங்கல் விடுதியில் இறங்கும் இளம்பெண், காட்டுத்தீக் கண்காணிப்புக் கோபுரத்தில் பணிபுரிபவன் என்போர் கதைமாந்தர்.

இத்தொடரின் கூற்றுமுறை குறிப்பிடத்தக்கது. கதையைச் சொல்பவர் அவ்விடரிலிருந்து உயிர் பிழைத்தவர். எனவே அவர் பிழைப்பாரா என்னும் ஐயத்திற்கு இடமில்லை. எச்செயல் அவரைப் பிழைக்க வைத்தது என்பதே ஆடுபவர் கண்டறிய வேண்டுவது. தவறான செயலைத் தேர்ந்தால் ஆட்டம் முடிந்துவிடும். மீண்டும் ஆட வேண்டும். பிற்பகுதிகளில் ஆடுபவரின் ஒலிவாங்கி வழியாக அவர் எழுப்பும் ஓசையையும் விளையாட்டு கேட்கிறது. ஒளிந்திருக்கும்போது வாய்விட்டு அலறினால் பகைவன் அறிந்துகொள்வான். உடலில் தோன்றும் விறலே இங்குக் கதையின் போக்கை மாற்றும் காரணமாகிவிடுகிறது. மெய்ப்பாட்டை ஒரு கலைவடிவம் இவ்வளவு நேரடியாகப் பயன்கொண்டது இதற்கு முன்னர் அரிது.

ஆடுவோர் இத்தொடரில் போற்றுவன அன்றாட நிகழ்ச்சிகளின் இயல்பு, மெல்ல ஏறும் பதற்றம், கைப்பேசியில் வந்துவிழும் செய்திகள் ஆகியன. குறைகளாகக் கூறுவன பகுதிகளின் குறுமையும், திடுக்கிடச் செய்யும் உத்தி மிகுதலும், ஒரே அமைப்பு திரும்ப வருதலும் ஆகும். பாராட்டு, குறை ஆகிய இரண்டையும் ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலனாகிறது. இக்கதைகளில் அஞ்சப்படுவது பெரும்பாலும் அணங்கன்று, கள்வர். பூட்டிய கதவின் மறுபுறம் நிற்கும் மனிதனே அச்சத்தின் ஊற்று. ஆடி முடித்தபின் தம் வீட்டுக் கதவையும் ஒருமுறை நோக்கத் தோன்றும் அச்சம் இது.

தமிழ்ச் சிறுகதை இதனை நன்கறியும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் பிச்சை கேட்டு வாயிலுக்கு வந்தவள் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளப்படுகிறாள். அச்சம் வெளியிலிருந்து பாய்ந்து வரவில்லை. இல்லத்தாராலேயே உள்ளே அழைக்கப்படுகிறது. அவள் அணங்கோ மானிடப் பெண்ணோ என்பது தெளிவுபடாமையே அக்கதையின் வலிமை.

வைட்ஃபீல்டும் அச்சத்தின் முகவரியும்

'ஃபியர்ஸ் டு ஃபாதம்' இந்தியாவில் உருவாக்கப்பட்டதாயினும் அதன் வீடுகளும் சாலைகளும் விடுதிகளும் அமெரிக்காவைச் சேர்ந்தவை. உலகச் சந்தையில் விற்பனையாக வேண்டிய தேவை இதற்குக் காரணமாதல் கூடும். பெங்களூரின் விளையாட்டுத் தொழில் வரலாறும் இப்போக்கைப் புரிந்துகொள்ளத் துணைபுரியும். 1997இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட துருவா இன்டராக்டிவ், வெளிநாட்டு விளையாட்டுகளுக்குக் காட்சிக்கலைப் பணி செய்து வளர்ந்த நிறுவனம். 2019இல் அது ராக்ஸ்டார் நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. பிறர் கதைக்கு வீடும் தெருவும் வரைந்து தரும் பயிற்சி இந்நகரில் நெடுங்காலம் உண்டு. தன் தெருவை வரையும் வாய்ப்பே அரிதாயிற்று.

அத்தெருக்களில் கதைக்கு இடமில்லை என்று கூறுவதற்கில்லை. வைட்ஃபீல்ட் 1882ஆம் ஆண்டில் யுரேசியர், ஆங்கிலோ இந்தியர் குடியேற்றமாக மைசூர் அரசரின் நிலக்கொடையில் உருவான ஊர். ஊர் நடுவே வட்டமாக அமைந்த பழைய குடியிருப்பும் ஓட்டு வீடுகளும் அதன் முதல் அடையாளம். 1990களில் எழுந்த பன்னாட்டுத் தொழில்நுட்பப் பூங்காவும், அதைச் சூழ்ந்து வளர்ந்த காவலுடைய அடுக்ககங்களும் இரண்டாம் அடையாளம். தமிழர் உட்படப் பல மொழியினர் பணியின்பொருட்டு வந்து தங்குமிடம் இது. பக்கத்து வீட்டில் இருப்பவர் யார் என்று அறியாமலே ஆண்டுகள் கழியும் வாழ்க்கை அங்கு இயல்பானது. அயலவர் கதவைத் தட்டுதல் என்னும் கருவிற்கு இதனினும் ஏற்ற களம் வேண்டுவதில்லை.

அக்கருவும் பெங்களூருக்குப் புதிதன்று. பேயொன்று உறவினர் குரலில் அழைத்து இரவில் கதவைத் தட்டும் என்றும், திறந்தவர் மாள்வர் என்றும் 1990களில் அந்நகரில் ஒரு செய்தி பரவியது. அதனைத் தடுக்க மக்கள் வீட்டு வாயிலில் 'நாளெ பா' என்று கன்னடத்தில் எழுதி வைத்தனர். 'நாளை வா' என்பது அதன் பொருள். நாள்தோறும் வரும் பேய் எழுத்தைப் படித்துத் திரும்பிச் செல்லும். மறுநாளும் எழுத்து அவ்வாறே கூறும். 2018இல் வெளிவந்த 'ஸ்த்ரீ' என்னும் இந்தித் திரைப்படம் இதனையொத்த வழக்கைக் கதைக்கருவாகக் கொண்டது. குரலைக் கேட்டு ஏமாறுதல், கதவைத் திறப்பதா என்று தேர்தல், பிழைக்கும் வழியை முன்னரே செய்து வைத்தல் ஆகிய மூன்றும் குறுந்திகில் விளையாட்டின் உறுப்புகளே. அணங்கும் கள்வரும் இவ்வழக்கில் ஒன்றாகக் கலந்து நிற்றல் கருதத்தக்கது.

உள்ளூர் வழக்கைக் கொண்டு தொகுப்பு அமைத்தல் இயலாததன்று. இந்தோனேசியாவில் ஸ்டோரிடேல் ஸ்டூடியோஸ் 2018இல் வெளியிடத் தொடங்கிய 'பமாலி', அந்நாட்டு நாட்டார் பேய்க்கதைகளைத் தனித்தனிப் பகுதிகளாகத் தருகிறது. விலக்கப்பட்ட செயல்களை ஆடுபவர் செய்கிறாரா, தவிர்க்கிறாரா என்பதைப் பொறுத்து விளைவு மாறும். தைவானில் உருவான 'டிடென்ஷன்' 2017இல் வெளிவந்தது. 1960களின் படைச்சட்ட ஆட்சியைக் களமாகக் கொண்டு, நான்காம் நிலைக்களனாகிய இறையச்சத்தைப் பள்ளிக்கூடத்துக்குள் காட்டியது. அயல்நாட்டு ஆடுவோரும் இவற்றை விரும்பி வரவேற்றனர். இடம் அந்நியமானதாக இருப்பது அச்சத்திற்குத் தடையாகாது என்பதையும், பொதுவான ஓரிடத்தைக் காட்டினாலன்றி உலகம் ஏற்காது என்னும் கருத்து பொருந்தாது என்பதையும் இவை உணர்த்துகின்றன.

முடிவுரை

ஆடுவோர் கருத்துகளை விருப்பு வெறுப்பின் வெளிப்பாடு என்று ஒதுக்குதல் தகாது. எவ்வகைப் பொருள் எவ்வகை விறலை எழுப்பிற்று என்பதற்கு அவை சான்றுகள். எனினும் மணிநேரக் கணக்கும், இது அச்சமா பிறிதொரு மெய்ப்பாடா என்று பகுத்துரைக்கும் சொல்வளம் இன்மையும் அவற்றின் குறைகள். மெய்ப்பாட்டியல் இக்குறையை நிரப்பவல்ல கருவியாகும். அக்கருத்துகள் பெரிதும் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. தமிழர் எழுதுபவையும் இதற்கு விலக்கல்ல. தம் அச்சத்தைத் தம் மொழியில் பகுத்துரைக்க வேண்டிய சொற்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தமிழில் இருந்தும் பயன்படாமல் கிடக்கின்றன.

குறுந்திகில் வடிவத்தில் ஆடுவோர் மிகுதியும் போற்றுவது அன்றாட வாழ்வுக்கு அணித்தாக நிற்கும் அச்சத்தை. அவ்வாறாயின் இந்தியப் படைப்பாளர் அயல்நாட்டு வீட்டை நாடிச் செல்வது, அவ்வடிவத்தின் தலையாய வலிமையைத் தாமே கைவிடுவதாகும். வைட்ஃபீல்டின் அடுக்ககக் கதவும் ஓட்டுவீட்டின் தாழ்ப்பாளும் இன்னும் எவராலும் போதிய அளவு தட்டப்படவில்லை.