ஐயமும் தீர்ப்பும்: ஒருவாற் சோதனை பற்றிய ஒரு நோக்கு

புள்ளிவிபரவியல் கணித மாணவர்க்கே உரியதென்று கலைப்பீடத்தார் ஒதுங்கி நிற்பதுண்டு. ஆயின் ஈழத்துத் தமிழ் மாணவரின் வாழ்வைத் திசைமாற்றிய தரப்படுத்தல், அடிப்படையில் ஓர் இடை பற்றிய வினாவேயாகும். அவ்வினா முறைப்படி கேட்கப்பட்டதா என்பதை ஆராய்தல் தகும்.

1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவபீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 400க்கு 250 புள்ளிகளும், சிங்களமொழி மாணவர் 229 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. தமிழ்ப் பரீட்சகர் தம்மவர்க்குப் புள்ளிகளை வாரி வழங்கினர் என்ற ஐயம் அக்காலத்தில் எழுப்பப்பட்டது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. வெவ்வேறு மொழிகளில் எழுதியோரின் புள்ளிகள் பொதுவானதோர் இடைக்கும் நியம விலகலுக்கும் மாற்றப்பட்டன.

ஐயுறுதல் குற்றமன்று, சோதியாது விடுதலே குற்றம். சோதிக்கும் வழியோ எளிது. தமிழ்மொழி விடைத்தாள்களுள் சிலவற்றை எழுமாற்றாக எடுத்து, இருமொழியும் அறிந்த நடுநிலையாளரைக் கொண்டு மீளத் திருத்துவிக்கலாம். ஒவ்வொரு தாளிலும் முதற்புள்ளிக்கும் மறுபுள்ளிக்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளலாம். விடைத்தாள்கள் அனைத்துக்குமான வேறுபாட்டின் இடை பூச்சியம் என்பது சூனியக் கருதுகோள்; அது பூச்சியத்திலும் பெரிது என்பது மாற்றுக் கருதுகோள். குற்றச்சாட்டு ஒரு திசையையே சுட்டுவதால் சோதனையும் வலப்புறத்து ஒருவாற் சோதனையாகும். குற்றஞ்சாட்டுபவரே நிறுவவேண்டும் என்னும் நீதிமன்ற நெறி இங்குச் சூனியக் கருதுகோளாய் நிற்கின்றது.

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். தாள்கள் 100, வேறுபாட்டின் சராசரி 1.5, நியம விலகல் 8. எட்டை நூறின் வர்க்கமூலமாகிய பத்தால் வகுக்க 0.8, அதனால் 1.5ஐ வகுக்க 1.875. நூற்றுக்கு ஐந்து என்ற பொருண்மை மட்டத்தில் ஒருவாற் சோதனையின் எல்லை 1.645; இருவாற் சோதனையின் எல்லை 1.96. ஆகவே ஒரே தரவு ஒன்றிற் குற்றவாளியாக்குகின்றது, மற்றொன்றில் விடுவிக்கின்றது. எனவே வாலின் திசையும் பொருண்மை மட்டமும் தரவைக் காணுமுன்னரே வகுக்கப்படல் வேண்டும். கண்டபின் திசை தேர்தல், தீர்ப்பெழுதிய பின் சட்டம் இயற்றுவதை ஒக்கும்.

தரப்படுத்தல் இத்தகைய சோதனையின் முடிவாக அமையவில்லை. இரு தொகுதியினரின் இடைகளும் சமமாகவே இருந்திருக்கவேண்டும் என்ற கருதுகோளை அது முடிவாகவே கொண்டது. வேறுபாடு முழுவதையும் களையவேண்டிய பிழையாக நடத்தியது. பரீட்சகரின் தாராளம், மாணவரின் திறன், பாடசாலையின் வசதி ஆகிய மூன்றும் இடையை உயர்த்தலாம். இடை மட்டும் காரணத்தைக் கூறாது.

வசதிக் குறைவை ஈடுசெய்தல் வேறு வாதம். 1974இல் வந்த மாவட்ட ஒதுக்கீடு அதனைச் சார்ந்தது. கப்பல்துறைப் பகுதியிலிருந்து வருவோர் இவ்வேறுபாட்டை மறத்தலாகாது. பின்தங்கியவை எனச் சிறப்பொதுக்கீடு பெறும் மாவட்டங்களுள் திருகோணமலையும் ஒன்று. ஆய்வுகூடம் உண்டா, ஆசிரியர் உண்டா என்பதை எவரும் எண்ணிப் பார்க்கலாம். சோதிக்கக்கூடிய வாதத்தாற் பயன்பெறும் நாம், சோதியாத ஐயத்தை மறுப்பதில் முரண் யாதுமில்லை.

மொழிவாரித் தரப்படுத்தல் 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின் கைவிடப்பட்டது. ஆயினும் அனுமதி இழந்தோருக்கு அக்கைவிடல் காலங்கடந்ததே. கருதுகோளைத் தீர்ப்பெனக் கொள்ளும் சமூகம் இழப்பது புள்ளிகளை மட்டுமன்று, நம்பிக்கையையுமாகும்.