நல்லவன் சின்னப்பன்

ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' (1942) பற்றி நம்மிடையே நடந்த பேச்செல்லாம் பெரும்பாலும் அதன் மண் பற்றிய பேச்சுதான். வட்டார நாவலுக்கு முன்னோடி, கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்த படைப்பு என்பார்கள். சரி, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் முன்னோடி என்று பட்டம் கட்டிய கையோடு புத்தகத்தை மூடிவைப்பது நமக்குப் பழக்கமாகிவிட்டது. நாவல் எழுப்பும் தார்மீகப் பிரச்னை தொடப்படாமலே கிடக்கிறது.

கதை எளியது. விதவையான நாகம்மாள் தன் பெண் குழந்தையோடு கொழுந்தன் சின்னப்பனின் குடும்பத்தில் இருக்கிறாள். கெட்டியப்பனும் ஊர் மணியக்காரரும் தூபம் போட, நிலத்தில் பங்கு கேட்கிறாள். முடிவில் சின்னப்பன் கெட்டியப்பன் கையால் சாகிறான். நல்ல குடும்பமொன்றைப் பொல்லாதவர்கள் குலைத்த கதை என்று இதை வாசித்துவிடலாம். சௌகரியமான வாசிப்பு. வாசகனை அது நல்லவனுக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துவிடுகிறது.

கெட்டியப்பனிடம் ஆராய அதிகமில்லை. அவன் என்ன செய்வான் என்பது முதலிலேயே தெரிந்துவிடுகிறது. ஆராய வேண்டியவன் சின்னப்பன். அவன் யோக்கியன், உழைப்பாளி. அண்ணன் குடும்பத்தைத் தன் குடும்பமாக வைத்துக்கொண்டிருப்பவன். நாவல் வெளிவந்த காலத்தில் சட்டமும் அவன் பக்கமே இருந்தது. 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கூட்டுக்குடும்பத்து விதவைக்குக் கணவனின் பங்கை, அவள் ஆயுள் மட்டும் அனுபவிக்கும் உரிமையாகக் கொடுத்தது. ஆனால் மாகாணங்களின் விவசாய நிலத்துக்கு இச்சட்டம் செல்லாது என்று 1941இல் ஃபெடரல் கோர்ட் சொல்லிவிட்டது. சென்னை மாகாணத்தில் அது நிலத்துக்கும் நீட்டிக்கப்பட்டது 1947இல். காடும் தோட்டமுமே சொத்தாக உள்ள கொங்குக் குடியானவன் வீட்டில் நிலத்தை நீக்கிவிட்டால் மிச்சம் என்ன? ஆக, 1942இல் சின்னப்பன் எவர் முன்னாலும் தலைநிமிர்ந்து நிற்கலாம். அவன் எதையும் பறிக்கவில்லை. கேட்க வேண்டிய ஒன்றைக் கேட்காமல் இருந்தான், அவ்வளவுதான்.

'அண்ணனுடைய பாகத்துக்கு என்ன செய்யலாம், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்ற பேச்சை அவன் எடுத்திருக்கலாம். எடுக்காததில் வஞ்சகம் ஏதுமில்லை. குடும்பம் ஒன்றாயிருக்கும்போது பாகம் பற்றிப் பேசுவதே அபசகுனம் என்பது அவனுடைய பண்பாடு. ஷண்முகசுந்தரத்தின் கூர்மை இங்கேதான் இருக்கிறது. நியாயமானவன் எடுக்காத பேச்சை அயோக்கியன் எடுக்கிறான். நாகம்மாளின் உரிமை முதன்முதலில் சொல்லாக உருப்பெறுவதே அவள் நலனில் அக்கறையற்ற, தங்கள் பகையைத் தீர்த்துக்கொள்ளும் வாய்களில்தான். அப்படி வந்ததால் அது உரிமையாகவே நமக்குத் தெரிவதில்லை. கலகமாகத் தெரிகிறது. ஓர் உரிமை யார் வாயில் பிறக்கிறது என்பதற்கும் அதன் கதி என்னவாகிறது என்பதற்கும் உள்ள தொடர்பை இவ்வளவு நிதானமாகக் காட்டிய தமிழ் நாவல்கள் குறைவு.

பாகப்பிரிவினையிலேயே தொடங்கும் 'லியர் அரச'னை இதோடு வைத்துப் பார்க்கலாம். லியர் பெண்களிடம் தவறான கேள்வி கேட்டு அழிகிறான். சின்னப்பன் கேள்வியே கேட்காமல் அழிகிறான். ஷேக்ஸ்பியருக்குப் புயல் தேவைப்பட்டது. ஷண்முகசுந்தரத்துக்கு ஒரு காடு போதுமானதாக இருந்தது.

இதையெல்லாம் இலக்கியப் பிரச்னையாக மட்டும் பேசி நிறுத்திக்கொள்ள என்னால் முடியவில்லை. நான் உட்கார்ந்திருக்கும் கௌண்டருக்கு வாரந்தவறாமல் சின்னப்பன்கள் வருகிறார்கள். தகப்பனார் காலமாகியிருப்பார். வாரிசுச் சான்றில் மகனோடு மகள்கள் பெயரும் இருக்கும். நிலத்தின்மேல் கடன் வேண்டும். 'என்ன பண்ணோணுங்க?' என்ற கேள்விக்கு எங்கள் தொழிலில் மனப்பாடமான பதில் ஒன்று உண்டு: 'அக்கா தங்கச்சிகிட்ட விடுதலைப் பத்திரம் வாங்கிட்டு வந்துருங்க.' வில்லங்கமில்லாத பட்டா எங்களுக்குச் சௌகரியம். சட்டம் இப்போது பெண்கள் பக்கம். தமிழ்நாட்டில் 1989லிருந்து, அன்று திருமணமாகாதிருந்த மகள்களுக்கும், 2005லிருந்து நாடு முழுவதும் எல்லா மகள்களுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. அது பிறப்பால் வரும் உரிமை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. இத்தனையும் எங்களுடைய அந்த ஒற்றை வாக்கியத்தில் கரைந்துபோகின்றன. கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சகோதரிக்கு இணைச்சீர் என்று தனிச் சடங்கே வைத்து மரியாதை செய்கிறோம். சார்பதிவாளர் ஆபீசிலோ அதே சகோதரி படித்துப் பார்க்காத காகிதத்தில் ரேகை வைக்கிறாள்.

நடப்பதில் குற்றம் ஏதுமில்லை. அண்ணன் நல்லவர். தங்கை பிரியத்தோடுதான் கையெழுத்திடுகிறாள், பிறந்த வீட்டு வாசல் அடைபடக் கூடாதே என்பதும் அந்தப் பிரியத்தில் சேர்ந்திருக்கும். ஆனால் குமாஸ்தா சொல்லாமல் விடும் வேறு இரண்டு வழிகள் உண்டு. பாகம் பிரித்து அவரவர் பங்கைப் பதிவு செய்துகொள்ளலாம். அல்லது சகோதரிகளும் சேர்ந்து அடமானத்தில் கையெழுத்திடலாம். பின்னதில் கடன் சுமை அவர்கள் பங்கின்மேலும் ஏறும் என்பதையும் சொல்ல வேண்டும். மூன்றையும் சொன்னபின் அவர்கள் விட்டுக்கொடுத்தால் அது விட்டுக்கொடுத்தல். ஒன்றை மட்டும் சொன்னால் தீர்மானத்தைச் செய்தவன் குமாஸ்தா. இப்படிச் சொல்ல எந்தச் சுற்றறிக்கையும் கட்டாயப்படுத்தவில்லை, எதுவும் தடுக்கவுமில்லை.

குடும்ப விவகாரத்தில் குமாஸ்தா மூக்கை நுழைப்பதா, ஒன்றாயிருப்பவர்களைப் பிரித்துவிடுவதா என்று கேட்பார்கள். ஆட்சேபணை நியாயமானதே. அதற்கு என்னிடமுள்ள பதில் 'நாகம்மாள்'தான். மௌனமாயிருப்பதால் பேச்சு எழாமல் போவதில்லை. பத்து வருஷம் கழித்து, தோட்டம் சைட்டாகி விலை ஏறியபின், ஒரு நிலத் தரகர் மூலமாக எழும். அப்போது தங்கை பேராசைக்காரி ஆவாள். கெட்டியப்பனுக்கும் மணியக்காரருக்கும் எந்தத் தலைமுறையிலும் பஞ்சமில்லை.

தமிழில் அறம் என்ற சொல்லை நாம் மேடைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். பெரிய தேர்வுகள், பெரிய தியாகங்கள், இரண்டு வழிகள் பிரியும் முச்சந்தி. சின்னப்பனின் வாழ்க்கையில் அப்படி ஒரு முச்சந்தி வரவேயில்லை. சாதாரண நாட்கள்தான் வந்துகொண்டிருந்தன. அவற்றில் எந்த நாளிலும் அவன் கேட்டிருக்கலாம். இந்நாவலை மண்வாசனை என்று சொல்லி ஒதுக்கிய விமர்சனம், தீயவனைக் கண்டுபிடிப்பதே அறவிசாரம் என்று நம்பியது. தீமை செய்யாதவனின் கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் ஷண்முகசுந்தரம்.