சொல்லற்ற இசையும் சமுதாய நோக்கும்

பாட்டுக்குப் பொருள் உண்டு, வாத்திய ஒலிக்கு இன்பம் மட்டுமே உண்டு என்னும் கருத்து இரசிகரிடையே வேரூன்றியுள்ளது. ‘கலை கலைக்காகவே’ என்போர்க்கு இக்கருத்து நல்லதோர் அரணாகும். சொல்லற்ற இசை சமுதாய நோக்கைத் தாங்கவல்லதா? கனடாவின் மொன்றியல் நகரில் 1994இல் தோன்றிய ‘கோட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர்’ என்னும் றொக் இசைக்குழுவை முன்வைத்து இவ்வினாவை நோக்குவோம்.

றொக் குழுவின் வழமையான அமைப்பில் பாடகரே நாயகர். கிற்றாரும் முரசும் அவருக்குத் துணை. இக்குழுவிலோ பாடகர் இல்லை. 2000ஆம் ஆண்டளவில் மூன்று கிற்றார், இரண்டு பேஸ், ஒரு வயலின், ஒரு செல்லோ, இரண்டு முரசுத்தொகுதி என ஒன்பதின்மர் இசைத்தனர். அவ்வாண்டு வெளிவந்த அவர்களது இரட்டை இசைத்தட்டில் நான்கே ஆக்கங்கள். அவை ஏறத்தாழ 87 நிமிடம் நீள்வன. தனியொரு கிற்றார் மெல்லத் தொடங்க, நரம்புக் கருவிகள் சேர, ஈற்றில் முரசுகள் எழ, எவரது ஒலி எதுவெனப் பிரித்தறியவியலாத பேரொலி பிறக்கின்றது. கூட்டுழைப்பு இங்கே இசையின் உருவமாகவே அமைந்துவிடுகின்றது.

எனினும் உருவம் மட்டும் போதுமா? காரணம் கூறாத துயரம் எவர்க்கும் உரியதாகிவிடும். ஆயுத வணிகனும் அதே இசையைக் கேட்டுக் கண்கலங்கலாம். இவ்விடரைக் குழுவினர் உணர்ந்திருந்தனர் என்றே கருதுகிறோம். 2002இல் வெளிவந்த இசைத்தட்டின் முன்னட்டையில் குண்டுகள் வீழ்கின்றன. பின்னட்டையில், பெரிய இசைத்தட்டுக் கம்பனிகளுக்கும் ஆயுதத் தொழிலுக்கும் உள்ளனவாகத் தாம் கருதிய தொடர்புகளை அவர்கள் வரைந்து காட்டினர். 2013இல் கனடாவின் பொலாரிஸ் இசைப்பரிசு கிடைத்தபோது, சிக்கன நடவடிக்கைகள் நிலவுங் காலத்தில் இத்தகைய ஆடம்பர விழா ஏன் என வினவினர். பரிசுப் பணமான 30,000 டொலரைக் கியூபெக் சிறைகளில் உள்ளோர்க்கு இசைக்கருவிகள் வாங்கப் பயன்படுத்துவதாகவும் அறிவித்தனர்.

குறையும் உண்டு. மெல்லத் தொடங்கி முழக்கத்தில் முடிதல் அவர்களிடத்துப் பன்முறை மீள்கின்றது. முழக்கம் வருமென்று கேட்போன் முன்னரே அறிந்திருப்பானாயின், எழுச்சியும் ஒரு பழக்கமாகிவிடும். அழிவைப் பாடும் அளவுக்கு அன்றாட உழைப்பின் சிறு மகிழ்ச்சிகளை இவ்விசை பாடவுமில்லை.

ஆயினும் 2024இல் வெளிவந்த இசைத்தட்டு நம்மை நிறுத்திவைக்கின்றது. அதற்குத் தலைப்பில்லை, ‘2024 பெப்ரவரி 13 வரை 28,340 பேர் இறந்தனர்’ என்னும் பொருள்பட்ட தொடரே தலைப்பின் இடத்தில் நிற்கின்றது. அது அந்நாள்வரை காஸாவில் கொல்லப்பட்டோரென அங்குள்ள சுகாதார அமைச்சு அறிவித்த தொகை. அவ்வெண்ணை வாசித்தபின் அவ்விசையை வெறும் அழகாக எவரும் கேட்டல் அரிது. சொல்லற்ற இசைக்குச் சமுதாய நோக்கு இயலும். ஆனால் கலைஞன் தான் எங்கு நிற்கிறான் என்பதை ஒருமுறையேனும் வெளிப்படக் கூறல் வேண்டும். கூறியபின், சொல்லால் எட்டவியலாத இடத்துக்கும் இசை நம்மை இட்டுச்செல்லும்.