காத்திருங்கள், ஆள் வரும்

லிஃப்ட் கதவருகே அந்தப் பலகை இல்லாத அடுக்குமாடிக் கட்டடத்தைப் பார்ப்பது அரிது: தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறாதீர்கள், படிக்கட்டில் இறங்குங்கள். நடக்க முடிந்தவருக்கு இது போதும். சக்கர நாற்காலியில் வேலைக்கு வருகிறவருக்கோ இந்த அறிவுரை பாதியிலேயே நின்றுவிடுகிறது. அவருக்கென்று கட்டடப் பாதுகாப்புத் துறையினர் வைத்திருக்கும் பதில் வேறு: படிக்கட்டை ஒட்டி, தீயும் புகையும் சட்டென்று நுழைய முடியாதபடி கட்டிய ஓர் இடம் இருக்கிறது, அங்கே போய்க் காத்திருங்கள், ஆள் வந்து இறக்கிவிடும்.

அந்த இடத்துக்கு நம் விதிநூல்களில் 'ரெஃப்யூஜ் ஏரியா' என்று பெயர். புகலிடம் என்று வைத்துக்கொள்வோம். பல நாடுகளின் உயரமான கட்டடங்களில் நடக்க முடியாதவர்களின் உயிர் இந்த ஏற்பாட்டை நம்பித்தான் இருக்கிறது. இதன் பொறியியலில் எனக்குக் குறை இல்லை. அதோடு சேர்த்துக் கொடுக்கப்படும் வாக்குறுதிக்குத்தான் பொறுப்பாளி யாரும் இல்லை என்பது என் கட்சி.

ஏற்பாட்டின் நியாயத்தை முதலில் பார்த்துவிடலாம். தீ விபத்துகளில் வெந்து சாகிறவர்களைவிடப் புகையில் மூச்சடைத்துச் சாகிறவர்கள் அதிகம். புகையைத் தடுக்கும் கதவும் சுவரும் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தாலே பல உயிர்கள் மிஞ்சும். மருத்துவமனைகள் இதே அடிப்படையில்தான் இயங்க வேண்டும். வென்டிலேட்டரில் இருப்பவரைப் படிக்கட்டில் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. அதே தளத்தில் தீத்தடுப்புக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பகுதிக்குக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போவதுதான் முறை. கீழே இறக்குவது கடைசி வழி. கொல்கத்தா ஏ.எம்.ஆர்.ஐ. மருத்துவமனையில் 2011 டிசம்பர் 9 அதிகாலை அடித்தளத்தில் பிடித்த தீயின் புகை, கண்ணாடியால் மூடிய கட்டடத்தின் மேல்தளங்களுக்கு ஏறியது. ஏறத்தாழ 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் நோயாளிகள். புகையைத் தளத்துக்குத் தளம், பகுதிக்குப் பகுதி நிறுத்திவைக்கும் தடுப்பு எத்தனை முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இன்னொரு நியாயமும் உண்டு. ஒருவரை நாற்காலியோடு தூக்கிப் படியிறங்குவது சினிமாவில் காட்டுவதுபோல் சுலபம் அல்ல. பேட்டரியில் ஓடும் சக்கர நாற்காலிகளில் பல, ஆள் உட்காரும் முன்பே நூறு கிலோவைத் தாண்டும். நெரிசலான படிக்கட்டில் ஒருவர் கால் தவறினால் தூக்குகிறவர், உட்கார்ந்திருப்பவர், முன்னால் இறங்குகிறவர் எல்லோரும் சேர்ந்து உருள வேண்டியதுதான். எனவே கூட்டம் இறங்கி முடியும்வரை பத்திரமான இடத்தில் நிற்கச் சொல்வதில் தவறில்லை.

பிறகு எப்படி இறக்குவது? அதற்கென்றே வந்தது இவாக் சேர். படிக்கட்டின் தலைமாட்டில், சுவரில், மஞ்சள் உறைக்குள் மடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். உறையை இழுத்துவிட்டு விரித்தால் மெல்லிய நாற்காலி. ஆளை அதில் மாற்றி, மார்பிலும் இடுப்பிலும் பட்டை கட்டி, பின்னால் நிற்பவர் கைப்பிடியைப் பிடித்துச் சாய்க்கிறார். நாற்காலியின் முதுகுப்புறம் இருக்கும் ரப்பர் பட்டைகள் படிகளின் விளிம்பில் பதிந்து, ஆளின் எடையையே பிரேக்காக்கி, மெதுவாகச் சறுக்கி இறங்கும். சமதளத்துக்கு வந்ததும் சக்கரத்தில் உருளும். பழகிய ஒருவர் தனியாகவே ஒருவரை இறக்கிவிடலாம். பழகாதவருக்கு அதை விரிக்கவே வராது. முதுகெலும்புக் காயம் உள்ளவர், தசை இறுக்கம் உள்ளவர் எல்லோராலும் அதில் உட்கார முடியாது. உட்கார்ந்தவரும் தன் சொந்த நாற்காலியை மேலேயே விட்டுவிட்டுத்தான் வருகிறார். கீழே சேர்ந்த பிறகும் ஒருவர் தள்ளினால்தான் நகர முடியும்.

இந்த நாற்காலியின் பலத்தையும் போதாமையையும் நியூயார்க் உலக வர்த்தக மையம் ஒரே கட்டடத்தில் காட்டியது. 1993 பிப்ரவரி 26 அன்று அங்கே குண்டு வெடித்தபோது, 69ஆம் மாடியில் வேலை பார்த்த, கைகால் செயலிழந்த ஒரு கணக்காளரைக் கீழே இறக்க ஆறு மணி நேரம் ஆயிற்று. அதன் பிறகுதான் கட்டட நிர்வாகம் இவாக் சேர்களை வாங்கி வைத்தது. 2001 செப்டம்பர் 11 அன்று அதே மனிதரை அலுவலக நண்பர்கள் முறைபோட்டு அந்த நாற்காலியில் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் இறக்கி, கோபுரம் சரிவதற்குச் சற்று முன்பு வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். 27ஆம் மாடியில் இருந்த இன்னொருவரும் அவரைப் போலவே கைகால் செயலிழந்தவர். உதவிக்காகக் காத்திருந்தார். அவரைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் நண்பர் ஒருவரும் உடன் தங்கினார். இருவரும் இறந்தார்கள்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசத்தை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடக் கூடாது. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் 2005இல் வெளியிட்ட ஆய்வு, வடக்குக் கோபுரத்தில் நடக்க முடியாதவர்கள் 40 முதல் 60 பேர் 12ஆம் மாடியில் கண்டறியப்பட்டதாகப் பதிவு செய்கிறது. படிக்கட்டில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்று அவர்களை அங்கே ஒதுக்கி வைத்திருந்தார்கள். கட்டடம் சரிவதற்குச் சற்று முன்பு அவர்களில் சுமார் 20 பேரைத்தான் மீட்புப் பணியாளர்கள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். 12ஆம் மாடி அப்படி ஒன்றும் எட்டாத உயரம் அல்ல. விமானம் மோதியதிலிருந்து அந்தக் கோபுரம் 102 நிமிடம் நின்றது. நேரம் இருந்தது. அவர்களை இறக்குவது இன்னாருடைய வேலை என்ற ஏற்பாடுதான் இல்லை.

லிஃப்ட் பலகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வடக்குக் கோபுரம் தாக்கப்பட்ட பிறகு, தெற்குக் கோபுரம் தாக்கப்படுவதற்கு முன் இருந்த 16 நிமிடத்தில் சுமார் 3,000 பேர் தப்பினார்கள் என்பது அதே ஆய்வின் மதிப்பீடு. அவர்களைக் காப்பாற்றியதில் படிக்கட்டோடு லிஃப்டுக்கும் பங்கு உண்டு. புகை புகாத கூடமும் தனி மின்இணைப்பும் கொண்டு அவசர வெளியேற்றத்துக்கென்றே கட்டப்படும் லிஃப்டுகளை அமெரிக்கக் கட்டட விதிகள் 2009 முதல் ஏற்கின்றன. சாதாரண லிஃப்டுக்கு அந்தப் பலகை இன்றும் சரி. எல்லா லிஃப்டுக்கும் என்றென்றைக்கும் அதுவே வேதம் என்று வைத்துக்கொண்டது பெரிய தவறு.

புகலிடத்தின் உண்மையான ஓட்டை சுவரில் இல்லை, தகவல் தொடர்பில் இருக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தவர் சுவரிலுள்ள இன்டர்காம் பட்டனை அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுமுனை மணி தரைத்தளத்துப் பாதுகாப்பு மேசையில் அடிக்கும். அந்த மேசையில் இருந்த காவலரோ, சைரன் கேட்டதும் தனக்குச் சொல்லிக்கொடுத்தபடி எல்லோரையும் திரட்டிக்கொண்டு அசெம்பிளி பாயிண்டுக்குப் போய்விட்டார். மேலே இருப்பவருக்கு இது ஒத்திகையா, நிஜமா, தீ எந்த மாடியில், அணைந்துவிட்டதா, யாராவது கிளம்பி வருகிறார்களா, எதுவுமே தெரியாது. காது கேளாதவருக்கு அந்த இன்டர்காம் வெறும் பெட்டி. பட்டனை அழுத்தியதும் 'அழைப்பு சேர்ந்தது' என்று ஒரு விளக்கு எரிந்தாலாவது பாதி பதற்றம் தணியும். ஒலியோடு ஒளிச் சைகையும் வேண்டும் என்று அமெரிக்க விதிகள் கேட்பது அதனால்தான்.

எச்சரிக்கை மணியிலும் இதே கதை. கழிப்பறையில் தனியாக இருக்கும் காது கேளாதவருக்குப் பளிச்சிடும் விளக்கு அங்கேயே இருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். ஒரே இடத்தில் பல விளக்குகள் தாளம் தப்பி மின்னினால் வலிப்பு நோய் உள்ளவருக்கு ஆபத்து என்பதால் அவை ஒருசேர மின்ன வேண்டும். தூங்குகிறவருக்குத் தலையணைக்கு அடியில் அதிர்கிற கருவி வேண்டும். வயதானவர்களுக்கு முதலில் மங்குவது கீச்சொலி கேட்கும் திறன். வீட்டுப் புகை எச்சரிப்பானின் வழக்கமான ஒலியோ 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய கீச்சு. தூங்குமிடங்களுக்கு 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலி வேண்டும் என்று அமெரிக்கத் தீப்பாதுகாப்புத் தரநூல் 2010 பதிப்பில் சேர்த்தது. ஆட்டிசம் உள்ள குழந்தையை இதே ஒலிகள் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் ஒடுங்கச் செய்யும். எல்லோருக்கும் ஒரே சைரன் என்பது நிர்வாகத்துக்கு மட்டுமே வசதி.

காத்திருக்கச் சொல்வதன் விலையை லண்டன் கிரென்ஃபெல் கோபுரம் 2017 ஜூன் 14 அன்று காட்டியது. 24 தளக் குடியிருப்பு. தீ ஒரு வீட்டைத் தாண்டாது என்ற நம்பிக்கையில் அங்கே 'வீட்டுக்குள்ளேயே இருங்கள்' என்பதுதான் விதி. முதல் அழைப்பு இரவு 12.54க்கு வந்தது, அந்த விதியைக் கைவிட்டபோது மணி 2.47. அதற்குள் கட்டடத்தின் வெளிப்பூச்சுப் பலகைகள் வழியாகத் தீ உச்சிவரை போய்விட்டது. இறந்தவர்கள் 72 பேர். அங்கே குடியிருந்த மாற்றுத்திறனாளிகள் 37 பேரில் 15 பேர் பிழைக்கவில்லை. நீதிபதி மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான விசாரணை, தானாக இறங்க முடியாத ஒவ்வொருவருக்கும் தனித்தனி வெளியேற்றத் திட்டம் எழுதிவைக்க வேண்டும் என்று 2019இல் பரிந்துரைத்தது. 2022இல் அரசு அதை மறுத்தது: நடைமுறைக்கு ஒத்துவராது, செலவு கட்டாது, படிக்கட்டில் நெரிசல் வரும் என்று காரணங்கள். மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் விடவில்லை. இங்கிலாந்தில் 2026 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வரும்படி, இத்தகைய திட்டங்களுக்கென்று 2025இல் ஒரு விதி கொண்டுவரப்பட்டது. அதிலும், இறக்கிவிட ஆள் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தனித்திட்டத்தை நான் ஆதரிக்கிறேன். அதன் குறைகளைத் தெரிந்தே ஆதரிக்கிறேன். அந்தத் திட்டம் ஆளோடு ஒட்டிக்கொள்வது. அவர் வேறு மாடிக்குக் கூட்டத்துக்குப் போனால் கோப்பு மேசையிலேயே கிடக்கும். உதவ நியமித்தவர் அன்று விடுப்பில் இருப்பார். தன் உடல்நிலையை நிர்வாகத்திடம் சொல்லத் தயங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தத் தயக்கத்துக்கு நம் அலுவலகங்களில் காரணம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஒரு ஆளின் பெயரும் அவரை இறக்கப்போகிறவரின் பெயரும் ஒரே தாளில் இருப்பது, பெயரே இல்லாத 'ஆள் வரும்' என்பதைவிட மேல்.

நம் நாட்டுக்கு வருவோம். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பு உயரமான கட்டடங்களில் புகலிடம் கேட்கிறது. ஒரு நபருக்கு 0.3 சதுர மீட்டர்; கூடவே 200 பேருக்கு ஒரு சக்கர நாற்காலி வீதம் 0.9 சதுர மீட்டர். அமெரிக்க விதியிலும் இதே 200க்கு ஒன்றுதான். ஆனால் அங்கே அதோடு இருவழித் தொடர்புக் கருவியும் பரிசோதனையும் வழக்குப் போடும் வழியும் வருகின்றன. இங்கே வந்து சேர்ந்தது பெரும்பாலும் சதுர மீட்டர் மட்டும். அதிலும் பாதி இடத்தில் உடைந்த நாற்காலியும் தண்ணீர் கேனும் அடுக்கியிருப்பதைப் பார்க்க அதிகம் அலைய வேண்டாம்.

சட்டத்தில் குறை சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஆபத்துக் காலத்தில் சமமான பாதுகாப்பை உறுதியளிக்கிறது; மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அந்த மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும் என்கிறது. அணுகல் வசதி விதிகளை வெறும் வழிகாட்டியாக வைத்திருக்க முடியாது, கட்டாயத் தரங்களை வகுக்க வேண்டும் என்று ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அந்தக் கட்டாயப் பட்டியலில் சாய்தளமும் கழிப்பறையும் இடம்பெறுவது உறுதி. உள்ளே வர வழி கேட்பதோடு, வெளியேற வழியும் அதில் இடம்பெறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நியூயார்க் வர வேண்டியதில்லை. உலக வர்த்தக மையம் சரிவதற்கு 36 நாள் முன்பு, 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை எரிந்தது. சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அங்கே புகலிடமும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. ஆனால் கட்டிவைத்தவர்கள் சொன்ன காரணமும் பாதுகாப்புதான். இன்றும் சிறப்புப் பள்ளிகளிலும் காப்பகங்களிலும் இரவில் கிரில் கதவைப் பூட்டிச் சாவியை ஒருவர் இடுப்பில் செருகிக்கொள்வது பாதுகாப்பு என்ற பெயரில்தான் நடக்கிறது. அங்கெல்லாம் புகலிடத்துக்கு முன்னால் பேச வேண்டியது அந்தச் சாவியைப் பற்றி.

அலுவலக வளாகங்களுக்கு வந்தால், மாக் டிரில் அன்று ஃபயர் வார்டன் சக்கர நாற்காலியில் இருப்பவரிடம் அன்பாகச் சொல்லும் வார்த்தை: "நீங்க இருங்க சார், உங்களுக்கு இது வேண்டாம்." பதினைந்து நிமிடத்தில் எல்லோரும் இறங்கிவிட்டதாக அறிக்கை தயாராகும். இறங்காத ஒருவர் கணக்கில் இல்லை. உலக வர்த்தக மையத்தின் 78ஆம் மாடியிலிருந்து வழிகாட்டி நாயுடன் இறங்கித் தப்பிய பார்வையற்றவரான மைக்கேல் ஹிங்சன், கட்டடத்தின் வெளியேறும் வழிகளை முன்கூட்டியே நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர். அந்த வாய்ப்பைத்தான் நம் வார்டன் மரியாதையோடு பறித்துக்கொள்கிறார்.

புகலிடங்களை இடிக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு கட்டடத்திலும் வேண்டும். அங்கே காத்திருப்பவரை இறக்கும் கடமை தீயணைப்புத் துறையின் தலையில் கட்டக்கூடியதும் அல்ல. வண்டி வந்து சேரும் முன்பே கட்டட நிர்வாகம் தொடங்க வேண்டிய வேலை அது. உங்கள் அலுவலகத்தில் அடுத்த டிரில் நடக்கும்போது இரண்டு விஷயம் கேளுங்கள்: புகலிடத்து இன்டர்காமை இன்று யார் எடுப்பார், இவாக் சேரை இயக்கத் தெரிந்தவர் இந்த ஷிஃப்டில் யார். இரண்டு பெயரும் கிடைத்து, மேலே இருக்கும் கடைசி ஊழியரும் விருப்பத்தோடு இறங்கி வந்து சேரும்வரை டிரில் முடிந்ததாகக் கையெழுத்துப் போடாதீர்கள்.