பெயரும் பிறப்பும்: புத்தளக் கரையின் வமிசாவளிகள்

சிலாபம் முதல் கற்பிட்டி வரையுள்ள கரையூர்களிற் பெரேரா, பர்னாந்து எனும் பெயர் தாங்கிய குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பத்து மாணவர் ஒருவர் தம் வீட்டு வமிசாவளியை எம்மிடம் காட்டினார். குலமுதல்வர் போர்த்துக்கேயத் தளபதி என்று அதில் எழுதப்பட்டிருந்தது. சான்று யாதென வினவினோம். "எங்கள் பெயரே சான்று, ஐயா" என்றார். அச்சான்று செல்லுமா என ஆராய்வாம்.

கோட்டையரசன் தர்மபாலன் 1557 இல் திருமுழுக்குப் பெற்றுத் தொன் யுவான் எனப் பெயர் பூண்டான். புவனேகபாகுவின் பேரனாகிய அவன், அப்பெயராற் போர்த்துக்கேயன் ஆயினானல்லன். அரசனுக்குப் பொருந்தும் நியாயம் குடிகளுக்கும் பொருந்தும். திருமுழுக்கின்போது ஏற்ற பெயர் சமயமாற்றத்தைக் காட்டுமேயன்றிப் பிறப்பைக் காட்டாது.

சிலர் ஒல்லாந்தர் காலப் பதிவுகளைக் காட்டுவர். ஒல்லாந்தர் பிறப்பு, திருமுழுக்கு, மணம் என்பவற்றைப் பள்ளித் தோம்புகளிற் பதிந்தனர். மணமும் முதுசமும் சட்டப்படி நிலைபெறுதற்கு அப்பதிவு வேண்டப்பட்டமையால், உள்ளத்தாற் பிற சமயத்தவராயிருந்தோரும் அதனுட் புகுந்தனர். ஆகவே தோம்பிற் பெயருண்மை ஒல்லாந்தக் குருதிக்குச் சான்றாகாது.

மொழியும் அத்தகையதே. புத்தளத்தை அடுத்த சிரம்பியடியிற் போர்த்துக்கேயக் கிரியோல மொழியிற் பாடும் மக்கள் வாழ்கின்றனர். அவர்தம் முன்னோரோ அந்நியராட்சியாளர் கொணர்ந்த ஆபிரிக்கர்.

மற்று, உண்மை வழியை அறிதல் எங்ஙனம்? அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்லுதலே முறை. தன் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் மணப்பதிவு, கோயிற் பதிவேடு, காணியுறுதி எனப் படிப்படியே பின்னோக்கிச் சென்று, சான்று முடியுமிடத்து நின்றுவிடல் வேண்டும். தளபதியிலிருந்து தொடங்கிக் கீழிறங்குவது முறையன்று.

1908 இற் கொழும்பில் நிறுவப்பட்ட ஒல்லாந்தப் பறங்கியர் ஒன்றியம் குடும்ப வழிகளை ஆராய்ந்து தன் சஞ்சிகையில் வெளியிட்டது. அது போற்றற்குரிய பணி. எனினும் தந்தைவழி ஒன்றையே அது அளவுகோலாகக் கொண்டது. பத்துத் தலைமுறைக்கு முன் ஒவ்வொருவர்க்கும் 1024 மூதாதையர் இடங்கள் உள. அவற்றுள் ஒன்றில் ஐரோப்பியர் ஒருவர் இருப்பினும், எஞ்சிய 1023 இடங்களை மறத்தல் நியாயமாகுமா?

மாணவரின் ஏட்டிலும் இக்குறை இருந்தது. கருவாடு உணக்கி விற்று மூவரைப் படிப்பித்த அவர்தம் பாட்டியின் பெயர் அதில் இல்லை. பிழையான பெருமையின் தீமை இதுவே: இல்லாதவரைச் சேர்ப்பதோடு நில்லாது, இருந்தவரையும் அது நீக்கிவிடுகின்றது.

இவ்வளவுகோலை அயலார்க்கு மட்டும் வைத்தல் முறையன்று. இராமேசுவரக் கரையினின்றும் வந்தோம் என உடப்பில் வழங்கும் மரபுரையையும், நம் வீடுகளிற் கேட்கும் அரசகுலக் கதைகளையும் இதனாலேயே அளத்தல் வேண்டும்.

மாணவர் ஆறு மாதம் தேடினார். கோயிற் பதிவேட்டிற் பாட்டனாரின் தந்தை வரையே சான்று கிடைத்தது, தொழில், மீன்பிடி. தளபதியை நீக்கி அவரை முதல்வராக எழுதினார்; பாட்டியின் பெயரையும் சேர்த்தார். ஏடு சிறுத்தது, ஆயினும் அதில் உள்ளவை யாவும் மெய்.