மூச்சியின் மையோவியங்களில் கருணை

13ஆம் நூற்றாண்டுச் சீனத் துறவி மூச்சி, பட்டில் மையால் தீட்டிய மூன்று தொங்கோவியங்கள் கியோத்தோ நகரின் தைத்தோகு மடாலயத்தில் உள்ளன. நடுவில் வெண்ணிற ஆடையணிந்த குவான்யின். ஒருபுறம் கொக்கு, மறுபுறம் குட்டியை அணைத்த தாய்க்குரங்கு. வீரசோழியம் அகத்தியரின் ஆசானாகக் கூறும் அவலோகிதனே சீனத்தில் குவான்யின் என வழிபடப்படுகிறான்.

கருணையின் தெய்வம் குவான்யின் என்பதால் ஓவியத்தின் கருணையையும் அவ்வுருவிலேயே காண்பது எளிது. ஆனால் அங்குக் காணப்படுவது அமைதியே. விழிகள் தாழ்ந்துள்ளன, அருளும் சைகை ஏதுமில்லை. தாய்க்குரங்கோ காண்போரை நேர்நோக்குகிறது. அதன் மயிர் உலர்ந்த தூரிகையின் குறுங்கோடுகளால் ஆனது. அக்கோடுகளில் தாயின் உடல் முடிந்து குட்டியின் உடல் தொடங்கும் இடம் தெளிவாக இல்லை. பிற்காலச் சீனத் திறனாய்வு மூச்சியின் மைத்தீற்றலைக் கரடுமுரடானது எனத் தள்ளியது. இவ்வணைப்பை நேர்த்தியான புறக்கோட்டால் வரைந்திருக்க இயலாது என்பதே என் கருத்து.

மூன்றும் தொடக்கத்திலேயே ஒரு தொகுதியாகத் தீட்டப்பட்டனவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அது இவ்வாசிப்பைப் பாதிக்கும் வினாவே. எனினும், தாய்க்குரங்கை அருகில் தொங்கவிட்ட பின்னரே குவான்யினின் தாழ்ந்த விழிகள் எதனையோ காண்பனவாகத் தோன்றுகின்றன. தனித்து நோக்கினால் அவை தியானத்தில் ஆழ்ந்த விழிகள் மட்டுமே.