நீட்டத் தயங்கிய கை

பணி ஓய்வு பெறுவோருக்கு மாலை சூட்டி, இனி நிம்மதியாக இருங்கள் என வாழ்த்தி அனுப்புவது நம் வழக்கம். விலைவாசி ஏறி ஓய்வூதியம் ஏறாத காலத்தில் அந்த நிம்மதி எங்கிருந்து வரும்? இவ்வினாவை இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிக்கா 1952இல் 'உம்பெர்த்தோ டி.' என்னும் திரைப்படத்தில் எழுப்பினார். திரைக்கதை செசாரே சவாத்தினியுடையது.

போருக்குப் பிந்திய உரோமை நகரம். ஓய்வூதிய உயர்வு கோரி ஊர்வலம் வரும் முதியோரைக் காவலர் கலைக்கின்றனர். அவர்களுள் ஒருவர் உம்பெர்த்தோ, முன்னாள் அரசு ஊழியர். பிளைக் என்னும் நாயே அவருக்குத் துணை. 15,000 லீரா வாடகைப் பாக்கிக்காகக் கடிகாரத்தையும் நூல்களையும் விற்கிறார், கடன் தீரவில்லை. பழைய அறிமுகத்தினரிடம் குறிப்பாகத் தம் நிலையை உணர்த்துகிறார். அவர்களோ அவசரமாக விடைபெறுகின்றனர். ஒருநாள் தெருவில் பிச்சைக்குக் கை நீட்டுகிறார். ஒருவர் காசு போட வந்ததும், மழை தூறுகிறதா எனப் பார்ப்பவர்போல் உள்ளங்கையைத் திருப்பிவிடுகிறார். வறுமையைவிட, வறியவர் என அறியப்படுவதே அவருக்குப் பெருந்துன்பம். நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாத பேராசிரியர் கார்லோ பத்திஸ்தி இதனைச் சொல்லின்றியே உணர்த்துகிறார்.

மருத்துவமனையில் இன்னும் சில நாள் தங்குவதற்காக, அடுத்த படுக்கைக்காரர் சொற்கேட்டு, அருட்சகோதரியிடம் செபமாலை கேட்கிறார் உம்பெர்த்தோ. கத்தோலிக்கராகிய நாம் இங்கே முகம் சுளிக்கலாம். ஆனால் ஏளனத்துக்குள்ளாவது செபமாலையன்று. பக்தியைக் காட்டினாலன்றி இரக்கம் கிட்டாதென ஓர் ஏழை நம்பும் நிலையே.

படத்தில் குறையும் உண்டு. வீட்டுக்காரி கொடுமையின் உருவமாகவே வரையப்பட்டிருக்கிறாள். அவள் உள்ளம் நமக்குத் திறக்கப்படவில்லை. அந்நாளில் அரசுத் துணைச் செயலராயிருந்த ஜூலியோ ஆந்திரியோத்தி, இப்படம் நாட்டுக்கு இழுக்கு எனச் சாடினார். அக்கருத்து நமக்கு உடன்பாடன்று. இழுக்கு, முதியவரின் பசியிலேயன்றி அதனைக் காட்டியதில் இல்லை.

மருத்துவமனைக்கு அவரைக் காண வருபவள் பணிப்பெண் மரியா. மணமாகாமலே கருவுற்று, வேலை போய்விடுமென அஞ்சியிருப்பவள். கொடுக்க அவளிடம் பணமில்லை. எனினும் அவரை மனிதராக மதிக்கிறாள்.

படம் முடிகையிலும் உம்பெர்த்தோவுக்கு வீடில்லை, வழியில்லை. நம் பங்கிலும் கை நீட்டக் கூசும் ஓய்வூதியர் இருக்கக்கூடும். அவர்கள் கேட்கும்வரை நாம் காத்திருப்பது தகுமா?